பாலியல் தொழிலைச் சட்டபூர்வமாக்க வேண்டுமா? ஒரு நிலைப்பாட்டுக்கு வந்துசேரும் வழி

பாலியல் தொழிலைச் சட்டபூர்வமாக்கி முறைப்படுத்த வேண்டுமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் பெரும்பாலோர் பதிலை முதலில் முடிவுசெய்துவிட்டு, அதற்குப் பொருத்தமான சான்றுகளைப் பிறகு தேடிக்கொள்கிறார்கள். விவாதத்துக்குத் தயாராகும் மாணவருக்கும், கட்டுரை எழுத உட்காரும் பத்திரிகையாளருக்கும், ஒரு சட்ட வரைவைப் பற்றிக் கருத்துச் சொல்ல அழைக்கப்பட்ட சமூகப் பணியாளருக்கும் அந்த வரிசையை மாற்றிக்கொள்ள இந்த வழிகாட்டி உதவும். இறுதியில் நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும், எந்தச் சட்டப் பிரிவு யாருடைய வாழ்க்கையில் என்ன செய்கிறது என்பதை எடுத்துச் சொல்லத் தெரிந்தவராக நிற்க வேண்டும் என்பதே நோக்கம். எனக்கென்று ஒரு முடிவு உண்டு. அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

கேள்வியை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

இந்தத் தொழிலில் சட்டம் கைவைக்கக்கூடிய செயல்கள் குறைந்தது நான்கு. பணம் பெற்றுக்கொண்டு பாலியல் சேவை அளிப்பது முதலாவது. பணம் கொடுத்து அதைப் பெறுவது இரண்டாவது. மற்றவர் செய்யும் தொழிலில் லாபம் பார்ப்பது, அதாவது விடுதி (பாலியல் தொழில் நடக்கும் இடம்) நடத்துவது, தரகு வேலை செய்வது, ஆள் சேர்ப்பது ஆகியவை மூன்றாவது. தொழிலைச் சுற்றி நடப்பவை நான்காவது: தெருவில் நின்று அழைப்பது, விளம்பரம் செய்வது, அறையை வாடகைக்கு விடுவது, அந்த வருமானத்தில் பிழைப்பது. ஒரு தாளில் இந்த நான்கையும் எழுதி, நீங்கள் பேசப்போகும் நாட்டில் ஒவ்வொன்றும் குற்றமா, அனுமதிக்கப்பட்டதா, உரிமத்துக்கு உட்பட்டதா என்று எதிரே குறித்துக்கொள்ளுங்கள். விவாத மேடைகளில் இருவர் மணிக்கணக்கில் மோதிக்கொள்வதற்குக் காரணம், ஒருவர் முதல் செயலைப் பற்றியும் மற்றவர் மூன்றாவது செயலைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பதுதான்.

இப்படிக் குறித்துப் பார்த்தால் உலகச் சட்டங்கள் ஏறத்தாழ ஐந்து வகைக்குள் அடங்கும். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் விற்பது, வாங்குவது, நடத்துவது எல்லாமே குற்றம். இந்தியாவில் 1956இல் இயற்றப்பட்டுப் பின்னர் திருத்தப்பட்ட சட்டத்தின்படி வயதுவந்த ஒருவர் தம் விருப்பத்தின்பேரில் தொழில் செய்வது தன்னளவில் குற்றமாகாது. ஆனால் விடுதி நடத்துவதும், பொது இடத்தில் அழைப்பதும், அந்த வருமானத்தில் பிறர் வாழ்வதும் குற்றங்கள். இங்கிலாந்தின் சட்டமும் இதே போக்குடையது. சுவீடன் 1999இல் வாங்குபவரை மட்டும் தண்டிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. நார்வேயும் ஐஸ்லாந்தும் 2009இலும், பிரான்ஸ் 2016இலும் அந்த வழியில் சென்றன. நெதர்லாந்து 2000இல் விடுதிகள் மீதான தடையை நீக்கி உரிம முறைக்கு மாறியது. ஜெர்மனி 2002இல் இதை வேலையாக ஏற்று, 2017இல் கட்டாயப் பதிவையும் சேர்த்தது. நியூசிலாந்து 2003இல் குற்றத்தன்மையையே நீக்கி, தொழிலை மற்றத் தொழில்களுக்குரிய பணியிடப் பாதுகாப்புச் சட்டங்களின் கீழ் கொண்டுவந்தது.

கடைசி இரண்டு வகைகளை, அதாவது நெதர்லாந்து, ஜெர்மனியின் உரிம முறையையும் நியூசிலாந்தின் குற்றநீக்க முறையையும், ஒன்றாகப் பார்ப்பது மிகப் பரவலான பிழை. உரிம முறையில், உரிமமும் பதிவும் உள்ளவரே சட்டத்துக்குள் இருப்பார். இல்லாதவர் மீண்டும் குற்றத்தின் பக்கமே தள்ளப்படுவார். குற்றநீக்க முறையில் தொழில் செய்பவருக்குத் தனி அனுமதி எதுவும் தேவையில்லை. மிரட்டல், வன்முறை, சிறாரை ஈடுபடுத்துதல் போன்றவை மட்டும் குற்றமாக நீடிக்கும். ‘சட்டபூர்வமாக்கலாம்’ என்று ஒருவர் சொன்னால், இவற்றில் எதைச் சொல்கிறார் என்று கேட்டுத் தெளிவாகும்வரை மேலே போகாதீர்கள்.

உங்கள் அறநெறி நிலையைத் தனியாக எழுதிவையுங்கள்

உடலுறவை விலைக்கு வாங்குவதே ஒருவர் மற்றவர்மீது நிகழ்த்தும் வன்முறை என்று நம்புபவர்கள் இருக்கிறார்கள். வயதுவந்தவர் தம் உடலைப் பற்றி எடுக்கும் முடிவில் அரசுக்கு வேலையில்லை என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் ஒதுக்கிவைத்துவிட்டு, இருக்கும் தொழிலில் தீங்கைக் குறைப்பதே சட்டத்தின் கடமை என்பவர்கள் மூன்றாம் தரப்பினர். மூன்றுமே நேர்மையான நிலைகள்தாம். உங்களுடையது எது என்பதை இரண்டு மூன்று வரிகளில் எழுதி, அதன் கீழே, எந்தத் தகவல் உண்மையென்று தெரிந்தால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன் என்றும் எழுதுங்கள். எதுவுமே மாற்றாது என்றால், உங்கள் வாதம் அறநெறி வாதம். அதை அப்படியே முன்வைப்பது மரியாதையானது. அதற்குமேல் புள்ளிவிவரத்தைப் போர்த்திக் காட்டுவது கேட்பவரை ஏமாற்றுவதாகும்.

ஒரு செயல் தவறென்று கருதுவதற்கும் அதைக் குற்றமாக்க வேண்டும் என்று கோருவதற்கும் இடையே நீண்ட தூரம் இருக்கிறது. பாலியல் தொழிலை ஆழமாக வெறுப்பவர்கூட, அதைச் செய்பவரைச் சிறையில் அடைப்பதால் அந்தப் பெண்ணுக்கு என்ன நன்மை விளையும் என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஒரே இரவை எல்லாச் சட்டங்களின் கீழும் வைத்துப் பாருங்கள்

நான் அறிந்த சோதனைகளில் இதுவே மிகப் பயனுள்ளது. ஆகவே இங்கே சற்று நேரம் செலவிடுங்கள். முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணை எண்ணிக்கொள்ளுங்கள். தோழி ஒருவருடன் சேர்ந்து இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்துத் தொழில் செய்கிறார். இரவு பதினொரு மணிக்கு வந்த வாடிக்கையாளர், பேசிய தொகையைக் கொடுத்துவிட்டு, நடுவே ஆணுறையைக் கழற்றி எறிகிறார். அந்தப் பெண் முடியாது என்று எழும்போது கதவைத் தாழிட்டுக் கையைப் பிடித்து முறுக்குகிறார். தோழி அடுத்த அறையில்தான் இருக்கிறார்; தொலைபேசியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அந்தப் பெண் யாரை அழைப்பார்? அழைத்தால் என்ன நடக்கும்?

எல்லாமே குற்றமாக இருக்கும் இடத்தில், காவல்துறையை அழைப்பது தம்மீதே வாக்குமூலம் கொடுப்பதற்குச் சமம். அந்த அறை சாட்சி, மேசைமேல் இருக்கும் பணம் சாட்சி. அமெரிக்க நகரங்கள் சிலவற்றில் பையில் இருந்த ஆணுறைகளே தொழில் செய்ததற்கான ஆதாரமாக வழக்கில் காட்டப்பட்டதுண்டு. அதனால் அவற்றைக் கையில் வைத்திருக்கவே பெண்கள் அஞ்சினார்கள். கையை முறுக்கும் அந்த ஆளுக்கு இதெல்லாம் தெரியும் என்பதை மறந்துவிடாதீர்கள். அவருடைய துணிச்சலின் பெரும்பகுதி சட்டத்திலிருந்தே வருகிறது.

தொழில் குற்றமல்ல, விடுதி மட்டுமே குற்றம் என்ற நடுவழிச் சட்டத்தில், மேலோட்டமாகப் பார்த்தால் அவர் பாதுகாப்பாக இருக்கிறார். ஆனால் இந்தியச் சட்டத்தின் வரையறைப்படி, இரண்டு பாலியல் தொழிலாளர்களின் பரஸ்பர ஆதாயத்துக்காகப் பயன்படும் அறையும் விடுதியாகிவிடும். இங்கிலாந்திலும் இருவர் சேர்ந்து ஓரிடத்தைப் பயன்படுத்தினால் அதே பெயர்தான். காவலர் வந்தால் அடுத்த அறையில் இருக்கும் தோழி விடுதி நடத்தியவராக வழக்கில் சேர்க்கப்படலாம். இருவரும் அறையை இழக்கலாம். தனியாக இருந்தால் சட்டத்துக்கு உட்பட்டவர், துணைக்கு ஆள் வைத்துக்கொண்டால் சட்டத்தை மீறியவர் என்ற இந்த ஏற்பாடு யாரைக் காக்கிறது என்பதற்கு இதுவரை எனக்குத் திருப்தியான விளக்கம் கிடைக்கவில்லை. 2022 மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம், விருப்பத்துடன் தொழில் செய்யும் வயதுவந்தவர்களைச் சோதனைகளின்போது கைதுசெய்யவோ துன்புறுத்தவோ தண்டிக்கவோ கூடாது என்றும், பாலியல் வன்முறைக்கு ஆளான பாலியல் தொழிலாளருக்கு மற்றவர்களுக்குரிய எல்லா உதவிகளும் கிடைக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. அது ஒரு முக்கியமான அடி. ஆனாலும் விடுதியைப் பற்றிய சட்ட வரையறை அப்படியே இருக்கிறது.

சுவீடன் வழியில் நிலைமை தலைகீழாகிறது. அவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை. வந்தவரோ பணம் கொடுத்த கணத்திலேயே குற்றவாளி. கோட்பாட்டளவில் இந்தப் பெண்ணின் கையில் ஒரு பிடி கிடைக்கிறது என்பதை இந்த முறையை எதிர்ப்பவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அறைக்கு வெளியே என்ன நடக்கிறது என்றும் பாருங்கள். தொழிலுக்கு இடம் கொடுப்பது குற்றம் என்பதால், நார்வேயின் ஒஸ்லோ நகரில், வாங்குபவரைத் தண்டிக்கும் சட்டம் வருமுன்பே தொடங்கி, 2007 முதல் 2011 வரை காவல்துறை வீட்டு உரிமையாளர்களை எச்சரித்துப் பெண்களை வெளியேற்றும் நடவடிக்கை ஒன்றையே நடத்தியது. தாக்கப்பட்டதைச் சொல்லப் போனவர் தங்குமிடத்தை இழந்து திரும்பும் நிலை அங்கே உருவானது. தவிரவும், பிடிபடும் அச்சம் உள்ள வாடிக்கையாளர் தம் பெயரையோ தொலைபேசி எண்ணையோ தரமாட்டார். பேரத்தை அவசரமாக முடிக்கச் சொல்வார். ஆளை எடைபோட்டுப் பார்க்க இந்தப் பெண்ணுக்கு இருந்த சில நிமிடங்களும் பறிபோகும். பிரான்சின் சட்டத்துக்கு எதிராகப் பாலியல் தொழிலாளர்கள் தொடுத்த வழக்கில், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2024 ஜூலையில் மனித உரிமை மீறல் இல்லை என்று தீர்ப்பளித்தது. இந்தப் பொருளில் நாடுகளிடையே ஒத்த கருத்து இல்லாததால் ஒவ்வொரு நாட்டுக்கும் பரந்த முடிவுரிமை உண்டு என்பதே அதன் அடிப்படை. ஆகவே அத்தீர்ப்பை அச்சட்டம் சிறந்தது என்பதற்கான சான்றிதழாகக் காட்டாதீர்கள்.

உரிம முறையில் ஒரு பெண்ணுக்குப் பதிலாக இரண்டு பெண்களை எண்ணிப் பார்க்க வேண்டும். பதிவுசெய்து உரிமம் பெற்ற இடத்தில் இருப்பவருக்கு அபாய மணி இருக்கும், உதவிக்கு ஆள் இருக்கும். ஜெர்மனியில் 2017 முதல் ஆணுறை அணிவது சட்டப்படி கட்டாயம் என்பதால், மறுக்கும் வாடிக்கையாளருக்கு அபராதமும் உண்டு. பதிவு இல்லாதவரோ முதலில் சொன்ன முழுத்தடை நாட்டில் இருப்பவரைப் போலவே ஆகிவிடுகிறார். எனவே உரிம முறையை எடைபோடும்போது, எத்தனை பேர் பதிவுக்கு உள்ளே வந்தார்கள் என்ற கேள்வி மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகிறது. ஜெர்மனியில் 2019 இறுதியில் பதிவுசெய்திருந்தவர்கள் ஏறத்தாழ 40,000 பேர்; அங்கே தொழிலில் இருப்பவர்கள் பற்றிய மதிப்பீடுகள் வேறுபட்டாலும் அதைவிடப் பல மடங்கு பெரியவை.

நியூசிலாந்தில், நான்கு பேர்வரை தங்களுக்குள் யாரும் முதலாளியாக இல்லாமல் சேர்ந்து தொழில் செய்ய எந்தச் சான்றிதழும் தேவையில்லை. ஆகவே தோழி கதவைத் தட்டலாம், காவல்துறையையும் அழைக்கலாம். பணம் வாங்கியது சம்மதமாகாது, எந்தக் கட்டத்திலும் மறுக்கலாம் என்பது சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. தம்மைப் பாலியல் ரீதியாகத் தொல்லை செய்த விடுதி நிர்வாகிமீது ஒரு பாலியல் தொழிலாளர் புகார் கொடுத்து, 2014இல் அங்குள்ள மனித உரிமைத் தீர்ப்பாயம் 25,000 நியூசிலாந்து டாலர் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. ஓர் அலுவலக ஊழியர் தம் மேலாளர்மீது புகார் கொடுப்பதைப் போலவே அந்த வழக்கு நடந்தது என்பதே அதன் சிறப்பு. ஆனால் அதே பெண் தற்காலிக விசாவில் வந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு அவருக்கு இந்தத் தொழிலைத் தடைசெய்கிறது. தொலைபேசியை எடுத்தால் நாடுகடத்தப்படலாம். உலகம் முழுதும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் சட்டத்துக்குள்ளேயே அந்த இரவு இப்படி இரண்டாகப் பிளக்கிறது.

இந்தச் சோதனையை உங்கள் தாளில் செய்யும்போது ஆளை மாற்றி மாற்றிப் பாருங்கள். போதைப் பழக்கத்தில் சிக்கியவர், பதினேழு வயதைப் பதினெட்டு என்று சொல்ல வைக்கப்பட்டவர், கடனுக்கு ஈடாகத் தரகரிடம் விடப்பட்டவர், திருநங்கை, ஆண் பாலியல் தொழிலாளர் என ஒவ்வொருவருக்கும் அதே பதினொரு மணியைக் கொடுங்கள். ஒரு சட்டம் யாருக்கு உதவுகிறது என்பது அதன் முன்னுரையில் தெரியாது. மிகவும் பலவீனமானவர் யாரை அழைக்க முடிகிறது என்பதில் தெரியும்.

ஆய்வு முடிவுகளைப் படிக்கும்போது

சட்டபூர்வமாக்கலை எதிர்க்கும் தரப்பு உங்கள்முன் வைக்கப்போகும் முதல் ஆய்வு பெரும்பாலும் ஆள்கடத்தல் பற்றியதாக இருக்கும். 2013இல் சோ, டிரேகர், நோய்மயர் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் ஏறத்தாழ 150 நாடுகளை வைத்துச் செய்த ஆய்வில், பாலியல் தொழில் சட்டபூர்வமாக உள்ள நாடுகளுக்குள் ஆள்கடத்தல் அதிகமாகப் பதிவாவதாகக் கண்டார்கள். இதைப் புறந்தள்ளக் கூடாது. சந்தை விரிந்தால் ஆள் தேவை கூடும், அந்தத் தேவையில் ஒரு பகுதியைக் கடத்தல்காரர் நிரப்புவார் என்ற அவர்களுடைய தர்க்கம் பொருளுள்ளது. சட்டபூர்வமாகத் தொழில் செய்பவர்கள் கிடைத்தால் கடத்தப்பட்டவர்களுக்கான தேவை குறையும் என்ற எதிர் விளைவையும் அவர்களே கணக்கில் எடுத்தார்கள். அதேசமயம் அந்த ஆய்வு பயன்படுத்திய தரவு 1996 முதல் 2003 வரையிலான அறிக்கைகளிலிருந்து தொகுக்கப்பட்டது. ஒவ்வொரு நாட்டுக்கும் பூஜ்யம் முதல் ஐந்துவரை ஒரு மதிப்பெண் மட்டுமே அதில் உண்டு. ஜெர்மனியின் சட்டமும் நியூசிலாந்தின் சட்டமும் அந்தக் காலகட்டத்தின் கடைசியில்தான் வந்தன. தவிர, காவல்துறையும் ஊடகமும் நன்கு செயல்படும் நாட்டில் கடத்தல் அதிகமாக வெளியே தெரியும். தரவின் இந்தக் குறைகளை ஆய்வாளர்களே எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். மேடையில் அதை மேற்கோள் காட்டுபவர்கள்தாம் சொல்வதில்லை.

ஆதரவுத் தரப்பின் ஆய்வுகளையும் இதே கண்டிப்புடன் பாருங்கள். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் சட்டத்தில் இருந்த ஓர் இடைவெளி காரணமாக, 2003 முதல் 2009 வரை வீட்டுக்குள் நடக்கும் பாலியல் தொழில் நடைமுறையில் குற்றமாகக் கருதப்படவில்லை. அந்த ஆண்டுகளில் பதிவான பாலியல் வன்புணர்வுக் குற்றங்கள் சுமார் 30 விழுக்காடும், பெண்களிடையே கொனோரியா என்ற பால்வினை நோய் சுமார் 40 விழுக்காடும் குறைந்ததாக இரு பொருளியலாளர்கள் கணக்கிட்டார்கள். வலுவான ஆய்வுதான், ஆனால் ஒரே ஒரு சிறிய மாநிலம், ஒரே ஒரு காலகட்டம். 2014இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரை, குற்றநீக்கம் செய்தால் பாலியல் தொழிலாளர்களிடமும் வாடிக்கையாளர்களிடமும் பத்தாண்டுகளில் எச்.ஐ.வி. தொற்றுகளில் 33 முதல் 46 விழுக்காடுவரை தடுக்கலாம் என்றது. அது கணித மாதிரியால் மதிப்பிடப்பட்ட எண், நடந்து முடிந்ததை எண்ணிச் சொன்னதல்ல. மேற்கோள் காட்டும்போது அந்த வேறுபாட்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

சுவீடனைப் பற்றி, தெருவில் நின்று தொழில் செய்வோர் பாதியாகக் குறைந்தார்கள் என்று 2010ஆம் ஆண்டின் அரசு மதிப்பீடு கூறியது. தெருவை எண்ணுவது எளிது. அதே ஆண்டுகளில் தொலைபேசிக்கும் இணையத்துக்கும் நகர்ந்தவர்களை எண்ணுவது கடினம். எந்த ஆய்வைக் கையில் எடுத்தாலும் மூன்றே கேள்விகள் போதும்: எதை எண்ணினார்கள், எந்த ஆண்டுகளில் எண்ணினார்கள், எண்ணிக்கைக்குள் வராதவர்கள் யார்.

ஆள்கடத்தலையும் விருப்பத்துடன் செய்யும் தொழிலையும் ஒரே எண்ணிக்கையில் சேர்த்துவிடும் அறிக்கைகளிடம் கூடுதல் கவனம் வேண்டும். ஆள்கடத்தலைத் தடுப்பதற்கான 2000ஆம் ஆண்டின் ஐ.நா. பலேர்மோ நெறிமுறைப்படி, கடத்தல் என்பதற்கு வற்புறுத்தல், ஏமாற்று, பலவீனத்தைப் பயன்படுத்திக்கொள்ளல் போன்ற வழிமுறையும் சுரண்டல் நோக்கமும் இருக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழானவர் என்றால் வழிமுறையை நிரூபிக்கத் தேவையே இல்லை. இந்த எல்லையை அழித்துவிட்டால், வீட்டில் பூட்டிவைக்கப்பட்ட சிறுமியும் தன் வாடகையைத் தானே கட்டும் பெண்ணும் ஒரே கட்டத்தில் எண்ணப்படுவார்கள்; அதனால் முதலில் இழப்பது அந்தச் சிறுமிதான், ஏனென்றால் அவளைத் தேட வேண்டிய காவலர் மற்றவரைக் கைதுசெய்து கணக்குக் காட்டிவிடலாம்.

முறைப்படுத்தும் பிரிவுகளை ஒவ்வொன்றாக வாசியுங்கள்

முறைப்படுத்தல் என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கட்டாய மருத்துவப் பரிசோதனை. அதன் வரலாற்றைத் தெரிந்துகொள்ளாமல் அதற்கு ஆதரவு தராதீர்கள். பிரிட்டனில் 1864இல் தொடங்கி 1866, 1869 ஆண்டுகளில் விரிவாக்கப்பட்ட தொற்றுநோய்ச் சட்டங்கள், படைமுகாம்கள் உள்ள ஊர்களில் பாலியல் தொழில் செய்வதாகக் காவலர் சந்தேகித்த எந்தப் பெண்ணையும் பரிசோதனைக்கு உட்படுத்தவும், நோய் இருந்தால் மாதக்கணக்கில் மருத்துவமனையில் அடைத்துவைக்கவும் அனுமதித்தன. அதே பாணியில் இந்தியாவில் 1868இல் ஒரு சட்டம் வந்தது. சிப்பாய்களை எவரும் இப்படி அடைத்துவைக்கவில்லை. சமூகச் சீர்திருத்தவாதி ஜோசபின் பட்லர் தலைமையில் பெண்கள் நடத்திய நீண்ட போராட்டத்துக்குப் பின் பிரிட்டனில் 1886இலும், இந்தியாவில் 1888இலும் அவை நீக்கப்பட்டன. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் உரிமம் பெற்ற விடுதிகளில் இன்றும் பெண்களுக்கு வாரந்தோறும் கொனோரியா, கிளமீடியா பரிசோதனையும், மாதந்தோறும் எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனையும் கட்டாயம். வாடிக்கையாளருக்கு அப்படியொரு பரிசோதனை இல்லை. யாருடைய நலனுக்காக இந்த விதி எழுதப்பட்டது என்பதை அந்த ஒருபக்கத் தன்மையே காட்டிக்கொடுத்துவிடுகிறது. இலவசமாக, பெயர் கேட்காமல், விருப்பத்தின்பேரில் கிடைக்கும் பரிசோதனை முற்றிலும் வேறு. அதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

அடுத்தது பதிவு. ஜெர்மனியில் பதிவுச் சான்றிதழைப் புனைபெயரிலும் வாங்கலாம். ஆனால் உண்மைப் பெயர் அரசின் கோப்பில் இருக்கும். அமெரிக்கக் குடிவரவுச் சட்டமோ, கடந்த பத்தாண்டுகளுக்குள் பாலியல் தொழில் செய்தவருக்கு நாட்டுக்குள் நுழைய அனுமதி மறுக்கிறது. அந்தத் தொழில் அவருடைய நாட்டில் சட்டபூர்வமாக இருந்திருந்தாலும் விலக்கு இல்லை. இதைத் தெரிந்த ஒரு பெண் பதிவு அலுவலக மேசையின்முன் உட்கார்ந்து, படிவத்தில் தொழில் என்ற கட்டத்தைப் பார்த்துக்கொண்டே, நாளை பிள்ளைகளின் பாதுகாப்பு வழக்கில் கணவர் இந்தத் தாளைக் காட்டுவாரா, இந்த வேலையை விட்ட பிறகு அடுத்த வேலை தருபவர் கண்ணில் இது படுமா என்றெல்லாம் எண்ணிவிட்டுக் கையெழுத்திடாமலே எழுந்துபோனால், அவரைச் சட்டத்தை மதிக்காதவர் என்று சொல்ல முடியுமா? வரைவில் பதிவைக் கோரும் பிரிவு இருந்தால், கோப்பை யார் பார்க்கலாம், எத்தனை ஆண்டுகளில் அழிக்கப்படும், பதிவு செய்யாததற்குத் தண்டனை யாருக்கு என்று தேடிப் பாருங்கள்.

வயது வரம்பும் இதே வகைச் சிக்கல்தான். செனகல் நாட்டில் இருபத்தொரு வயது நிரம்பியவரே பதிவுசெய்ய முடியும். பதினெட்டுக்கும் இருபத்தொன்றுக்கும் இடைப்பட்டவர்களுக்கு அரசு மருத்துவ வசதியோடு இணைந்த அந்த முறையில் இடமில்லை.

உரிமக் கட்டணத்தையும் இட வரையறையையும் ஒன்றாகச் சேர்த்துப் பாருங்கள். கட்டணம் உயர உயர, தனியாகவோ இருவராகவோ தொழில் செய்பவர் வெளியேறிப் பணமுள்ள முதலாளியின் விடுதிக்குள் போக நேரிடும். தொழிலாளரைக் காக்க என்று சொல்லிக் கொண்டுவரப்பட்ட விதி, அவருடைய வருமானத்தில் பாதியை இன்னொருவருக்கு மாற்றிவிடும் விதியாக முடிவதுண்டு.

முதலாளி இருக்கத்தான் போகிறார் என்றால், அவரைக் கட்டுப்படுத்தும் பிரிவுகளே சட்டத்தின் இதயம். இதில் பெல்ஜியத்தின் சட்டத்தை வரிவரியாக வாசிப்பது நல்ல பயிற்சி. 2022இல் குற்றநீக்கம் செய்த அந்நாடு, 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் மூலம் ஒப்பந்தத்தில் வேலை செய்யும் பாலியல் தொழிலாளருக்கு நோய்க்கால ஊதியம், மகப்பேறு விடுப்பு, ஓய்வூதியம் ஆகியவற்றை அளித்தது. பாலியல் வன்முறை, ஆள்கடத்தல் போன்ற குற்றங்களில் தண்டிக்கப்பட்டவர் முதலாளியாக முடியாது. அறைதோறும் அபாய மணி வேண்டும். வாடிக்கையாளரையோ குறிப்பிட்ட செயலையோ மறுக்கும் உரிமை தொழிலாளருக்கு உண்டு. இதுவரை எல்லாம் சரி. அதே சட்டத்தில், ஆறு மாதங்களில் பத்து முறைக்குமேல் மறுத்தால் முதலாளி அரசின் சமரச அலுவலரை நாடலாம் என்றும் ஒரு பிரிவு இருக்கிறது. மறுத்ததற்காக வேலையிலிருந்து நீக்க முடியாது என்ற பாதுகாப்பு இருந்தாலும், மறுப்புகளை ஒருவர் எண்ணிக்கொண்டிருக்கும் பணியிடத்தில் மறுக்கும் உரிமை முழுமையாக இருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. ஒரு சட்டத்தின் நோக்கத்தை மனதாரப் பாராட்டிக்கொண்டே அதன் ஒரு பிரிவை எதிர்க்கலாம். அப்படிச் செய்யத் தெரிந்தவரின் பேச்சுக்குச் சட்டமன்றக் குழுவில் மதிப்பு அதிகம்.

வெளியேறும் வழி இருக்கிறதா என்று பாருங்கள்

ஆதரவாளர்களின் வரைவுகளில் பெரும்பாலும் மெலிந்திருக்கும் பகுதி இது. தொழிலை விட விரும்புபவருக்கு என்ன கிடைக்கிறது? நியூசிலாந்துச் சட்டம், பாலியல் தொழில் செய்ய மறுத்ததற்காக எவருடைய அரசு உதவித்தொகையையும் நிறுத்தக் கூடாது என்கிறது. வேலை கிடைத்தும் மறுத்தீர்களே என்று கேட்கும் அதிகாரிக்கு அங்கே இடமில்லை. பிரான்சின் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் வெளியேற விரும்புவோருக்குச் சிறு உதவித்தொகையும், வெளிநாட்டவருக்குத் தற்காலிகக் குடியிருப்பு அனுமதியும் உண்டு. ஆனால் தொழிலை விட்டுவிட வேண்டும் என்பது நிபந்தனை. அடுத்த மாத வாடகைக்கு வழியில்லாதவர் முதலில் விட்டுவிட்டு உதவிக்குக் காத்திருப்பது எளிதல்ல. பழைய வழக்குகளை அழிக்கும் பிரிவு இருக்கிறதா என்றும் தேடுங்கள். குற்றத்தை நீக்கிவிட்டுக் குற்றப்பதிவை வைத்திருந்தால், வேறு வேலைக்குப் போகும் கதவை அரசே சாத்திவைத்ததாகிவிடும்.

நிலைப்பாட்டை எழுதும்போது

நான்கு செயல்களுக்கும் தனித்தனியாக முடிவு எழுதுங்கள். ஒரே வாக்கியத்தில் எல்லாவற்றையும் அடைக்க முயலாதீர்கள். என்னுடையதை எடுத்துக்காட்டாகத் தருகிறேன். விற்பவரைத் தண்டிக்கும் எந்தப் பிரிவும் எந்த நாட்டிலும் இருக்கக் கூடாது. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. சிலர் சேர்ந்து, முதலாளி இல்லாமல், ஒரே இடத்தில் தொழில் செய்வது விடுதி நடத்துவதாகக் கருதப்படக் கூடாது. கட்டாயப் பதிவையும் கட்டாயப் பரிசோதனையையும் எதிர்க்கிறேன். வயதுவந்தவரின் சம்மதத்தோடு வாங்குபவரைத் தண்டிப்பது, அவரை விடவும் விற்பவரையே அதிகம் பாதித்திருக்கிறது என்று இதுவரையுள்ள சான்றுகளிலிருந்து முடிவுசெய்கிறேன்; இந்த ஒரு விடயத்தில், வலுவான மாற்றுச் சான்று வந்தால் மறுபரிசீலனை செய்வேன். லாபம் பார்க்கும் முதலாளிக்குக் கடுமையான உரிமமும் குற்றப் பின்னணிச் சோதனையும் வேண்டும். அந்தச் சுமை தொழிலாளரின் தோளுக்கு மாறாதபடி எழுதப்பட வேண்டும். சிறாரை ஈடுபடுத்துபவர்மீதும் கடத்தல்காரர்மீதும் முழுத் தண்டனை. காப்பாற்றப்பட்டவர்மீது விசா மீறல் வழக்குப் போடுவதற்குத் தடை. வெளியேறும் உதவிக்கு வரவு செலவுத் திட்டத்தில் தொகை குறிக்கப்படாத வரைவை ஆதரிக்க மாட்டேன்.

உங்கள் முடிவு இதற்கு நேர்மாறாக இருக்கலாம். அப்போதும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது: எழுதியதைப் பொதுவில் வைக்கும் முன், தொழிலில் இருக்கும் ஒருவரிடமும் அதை விட்டு வெளியேறிய ஒருவரிடமும் வாசிக்கக் கொடுத்து, எந்தப் பிரிவு தங்களைப் பாதிக்கும் என்று கேளுங்கள். இருவரின் பதில்களும் முரண்படலாம். அந்த முரணை மறைக்காமல் கட்டுரையிலேயே பதிவுசெய்யுங்கள். அவர்களுடைய பெயரையும், இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும் எந்த விவரத்தையும் எழுதாதீர்கள்.

கடைசியாக, நீங்கள் ஆதரிக்கும் வரைவில் மறுஆய்வுப் பிரிவு ஒன்று இருக்கும்படி வற்புறுத்துங்கள். நியூசிலாந்தில் 2003இல் அறுபதுக்கு ஐம்பத்தொன்பது என்ற ஒரே வாக்கு வேறுபாட்டில் அச்சட்டம் நிறைவேறியபோது, அதன் விளைவுகளை ஆராய ஒரு குழு அமைக்கப்பட வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. அந்தக் குழு 2008இல் அளித்த அறிக்கை, அஞ்சியபடி தொழிலாளர் எண்ணிக்கை பெருகவில்லை என்றது. சுரண்டலான பணிநிலைமைகள் சில இடங்களில் நீடிப்பதையும் சேர்த்தே சொன்னது. உங்கள் வரைவிலும் மறுஆய்வுக்கான ஆண்டு, எண்ணப்பட வேண்டியவை எவை, குழுவில் பாலியல் தொழிலாளர்களுக்கு எத்தனை இடம் என்ற மூன்றையும் எண்களாகவே எழுதச் சொல்லுங்கள்.